நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் புகைப்பழக்கம் ஏன் விடாமல் ஒட்டிக்கொள்கிறது?

சுற்றுப்புறம் ஒரு முக்கியக் காரணம். இங்கே ‘சுற்றுப்புறம்’ என்பது காற்றும் குப்பையும் மட்டுமல்ல. தெருவில் எத்தனை கடைகளில் சிகரெட் கிடைக்கிறது, என்ன விலைக்கு, பக்கத்தில் யாரெல்லாம் புகைக்கிறார்கள், மனம் ஆற வேறு இடம் உண்டா என்பதெல்லாம் சேர்ந்ததுதான்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். நெருக்கமான குடியிருப்புகளில் டீக்கடையும் பெட்டிக்கடையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். அங்கே பாக்கெட் வாங்க வேண்டியதில்லை, ஒன்றே ஒன்று வாங்கலாம். பற்றவைக்கக் கயிற்றில் லைட்டரும் தொங்கும். இந்தச் சில்லறை விற்பனைதான் பெரிய சிக்கல் என்பேன். அரசு வரியைக் கூட்டினாலும் ஒற்றை சிகரெட்டில் அது சில்லறைக் காசாகத்தான் தெரியும். 2016 முதல் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை அடைக்கும் எச்சரிக்கைப் படமும் வாங்குபவர் கண்ணில் படாது. கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சொல்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் கூலி வேலை, கடன், ஒற்றை அறை வீடு. வேலைக்கு நடுவே கிடைக்கும் ஓய்வே ‘ஒரு தம்’தான். சர்க்கரை நோயாளியின் வீட்டு வாசலில் அல்வாக் கடை போட்டு, கடன் கணக்கும் வைத்துக்கொடுத்தால் எப்படியோ, அப்படி.

ஏழைகளுக்கு மன உறுதி குறைவு என்று பலர் நினைக்கிறார்கள்; பிரிட்டன் ஆய்வுகளிலோ, வசதியானவர்கள் அளவுக்கே அவர்களும் விட்டுவிட முயல்கிறார்கள், வெற்றிதான் குறைவாகக் கிடைக்கிறது.