'லாக் இன்' என்பதில் உள்ள 'லாக்' எதைக் குறிக்கிறது? பூட்டையா, மரக்கட்டையையா? 'லாக் இன்', 'லாகின்', 'லாக் ஆன்' – எதை எங்கே எழுத வேண்டும்?

மரக்கட்டையைத்தான். பூட்டைக் குறிக்கும் 'லாக்' வேறு சொல். ஆங்கிலத்தில் அது 'சி, கே' என்று முடியும், இது 'ஜி'யில் முடியும். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால், கடவுச்சொல் போட்டுப் பூட்டைத் திறப்பதுதான் 'லாக் இன்' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

மரக்கட்டை கணினிக்குள் வந்தது கப்பல் வழியாக. நடுக்கடலில் கப்பல் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அறிய, ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிப் பின்புறம் கடலில் போடுவார்கள். கட்டை போட்ட இடத்திலேயே ஏறக்குறைய நிற்கும். கப்பல் முன்னே போகப்போகக் கயிறு உருளையிலிருந்து கழன்று ஓடும். 1574இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு கடலோடிக் கையேட்டிலேயே இம்முறை விளக்கப்பட்டிருக்கிறது.

பிற்காலத்தில் முழுக்கட்டைக்குப் பதில் கால்வட்ட வடிவப் பலகை வந்தது. அதன் வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருக்கும். அதனால் தண்ணீரில் செங்குத்தாக நின்று இழுவையை எதிர்க்கும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒருவர் 28 விநாடி மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடிக்க, மற்றொருவர் கையைத் தாண்டி ஓடும் முடிச்சுகளை எண்ணுவார். இந்த 47 அடிக் கணக்கு ஏன்? ஒரு மணி நேரத்தில் 28 விநாடிக்கு என்ன பங்கோ, கடல் மைலில் 47 அடி 3 அங்குலத்துக்கும் ஏறக்குறைய அதே பங்கு. ஆகவே, ஐந்து முடிச்சு ஓடினால் மணிக்கு ஐந்து கடல் மைல். கையில் கணக்குப் போடவே வேண்டாம். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது இந்த முடிச்சால்தான். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

பிழையும் வரும். நனைந்து நனைந்து கயிற்றின் நீளம் மாறினால் முடிச்சுகளின் இடைவெளி மாறிவிடும். ஈரக்காற்றில் மணல் மெதுவாக விழுந்தால், கூடுதல் முடிச்சுகள் ஓடி, வேகம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். கரை தெரியாத கடலில் இந்தப் பிழை கப்பலைப் பாறையில் கொண்டுபோய் விடலாம். அதனால் கயிற்றையும் கடிகாரத்தையும் அவ்வப்போது சரிபார்ப்பார்கள்.

இப்படி அளந்த வேகத்தையும் போகும் திசையையும் வேறொரு பலகையில் சுண்ணக்கட்டியால் குறித்து, பிறகு ஒரு புத்தகத்தில் பெயர்த்து எழுதுவார்கள். கட்டையின் கணக்கைச் சொல்லும் புத்தகம் ஆகையால் அது 'லாக்புக்'. காலப்போக்கில் கட்டை மறைந்து, 'லாக்' என்றாலே 'நேரவாரியான பதிவு' என்றாயிற்று. பிறகு 'பதிவு செய்' என்ற வினையும் ஆயிற்று. விமானி பறந்த மணிநேரத்தை 'லாக்' செய்வது அந்தப் பொருளில்தான்.

கணினிக்கு இச்சொல் வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பாடோ தலைமையில் உருவாகி, 1961இல் முதலில் செய்துகாட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் அமைப்பில், ஒரே கணினியைப் பலர் தனித்தனி முனையங்களிலிருந்து ஒரே சமயத்தில் பயன்படுத்தினார்கள். கணினி நேரம் அப்போது மிக விலை உயர்ந்தது. யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்ற கணக்கு வேண்டும். ஒருவருடைய கோப்புகளை மற்றவர் தொடாமலும் இருக்க வேண்டும். எனவே வரும்போது 'லாகின்', போகும்போது 'லாகவுட்' என்ற கட்டளைகள். தொழிற்சாலையில் வருகை நேரம் பதிவதைச் சொல்லும் 'கிளாக் இன்' என்பதும் இதே அமைப்புதான்: முதல் சொல் பதிவைச் சொல்கிறது, 'இன்' நுழைவைச் சொல்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் 'புகுபதிகை' இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வதால், வெறும் 'உள்நுழை'வைவிட எனக்கு அது பிடிக்கும்.

இனி எழுதும் முறை. வினையாக வந்தால் இடைவெளி விட்டு 'லாக் இன்'. பெயராகவோ அடைமொழியாகவோ வந்தால் சேர்த்து 'லாகின்'. சந்தேகம் வந்தால் இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள். 'லாக்ட் இன்' என்று நடுவில்தான் மாறும். 'லாகின்ட்' என்ற வடிவமே கிடையாது. நடுவில் மாறுகிறதென்றால் அது இரண்டு சொல். பேசும்போது பெயர்ச்சொல்லில் அழுத்தம் 'லா'வில் விழும், வினையில் 'இன்'னில் விழும். 'பேக் அப்', 'செட் அப்', 'செக் அவுட்' எல்லாவற்றுக்கும் இதே விதி. எத்தனையோ இணையதளப் பொத்தான்களில் இது தவறாகவே இருக்கிறது. அதைப் பார்த்துப் பழக வேண்டாம்.

எந்தத் தளத்துக்குள் என்று சொல்ல வேண்டுமானால் 'லாக் இன் டு' என்று மூன்றாகப் பிரிப்பது கண்டிப்பான முறை. 'லாக் இன்டு' என்பதையும் இன்று அகராதிகள் ஏற்கின்றன. 'லாக் இன் இன்டு' மட்டும் பிழை. 'இன்' இரண்டு முறை வருகிறது. 'லாக் ஆன்' பொருளில் வேறல்ல. ஐபிஎம் பெருங்கணினிகளிலும் பழைய விண்டோஸிலும் வேரூன்றிய வழக்கு அது. யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தின் உலகம் 'லாகின்' என்றது. 'சைன் அப்' என்பதைத்தான் தனியாகப் பிரித்தறிய வேண்டும்: புதுக் கணக்கு தொடங்குவது அது.

வலைப்பதிவைக் குறிக்கும் 'பிளாக்' இதே குடும்பம். 1997இல் ஜார்ன் பார்கர் என்ற வலைப்பதிவர் அதற்கு 'வெப்லாக்' என்று பெயரிட்டார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்ற இன்னொரு வலைப்பதிவர் அதை 'வீ பிளாக்' என்று விளையாட்டாகப் பிரிக்க, முன்பாதி உதிர்ந்து 'பிளாக்' நின்றுவிட்டது. அதிலிருந்து காணொளிப் பதிவுக்கு 'வ்லாக்'. பேச்சுவார்த்தை முடங்குவதைச் சொல்லும் 'லாக்ஜாம்', ஆற்றில் மிதக்கவிட்ட மரங்கள் ஒன்றோடொன்று சிக்கி நின்றதிலிருந்து வந்தது. கட்டை அதே கட்டைதான், கப்பல் வழி வரவில்லை. ஆனால் லாகரிதம், லாஜிக், கேட்டலாக், டயலாக், லோகோ ஆகியவை கிரேக்க 'லோகோஸ்' வழி வந்தவை. ஒலி ஒத்துப்போகிறதே என்று மரக்கட்டையோடு சேர்த்துவிடக் கூடாது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பல லினக்ஸ் கணினிகளில், முனையத்தில் 'லாஸ்ட்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் யார், எப்போது வந்தார், எப்போது போனார் என்ற பட்டியல் வரிசையாக வரும். அதுதான் அந்தக் கணினியின் லாக்புக்.