அந்த அக்காவை ஊருக்கு அழைத்து வரலாமா?

அன்புள்ள அம்மா,

எனக்கு 27 வயது. சொந்த ஊர் குடியாத்தம், ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. சில மாதங்களுக்கு முன் வேலை விஷயமாக மும்பை போயிருந்தேன். கூட வந்த சீனியர் அண்ணன், "காமாத்திபுரா பக்கத்துலதான், சும்மா நடந்து பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். பாலியல் தொழில் நடக்கும் பேட்டை அது. எனக்கும் பார்க்க ஆசை இருந்தது. போனோம்.

ஒரு சந்தில், வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, நாங்கள் பேசியதைக் கேட்டு, "தமிழா? எந்த ஊருப்பா?" என்றார். குடியாத்தம் என்றதும் கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டார். "எனக்கும் அந்தப் பக்கம்தான். சிரசுத் திருவிழா இப்பவும் வைகாசி ஒண்ணாம் தேதிதானே?" ஆமாம் என்றேன். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

வந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. இந்த வருடம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில், கூட்டத்தில் அந்த அக்கா ஜாடையில் யாராவது இருக்கிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டாரைத் தேடிச் சொல்லலாமா? கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, நானே போய் அழைத்து வந்துவிடலாமா? அண்ணனிடம் சொன்னால் சிரிக்கிறார்.

பெயர் வேண்டாம், குடியாத்தம்

---

அன்புத் தம்பி,

வீட்டாரைத் தேடும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். அந்தப் பெண் தன் ஊர்ப் பெயரைக்கூட உங்களிடம் சொல்லவில்லை. "அந்தப் பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வீட்டில் அவரைப் பற்றி வேறு ஏதோ வேலை என்று நம்பியிருக்கலாம். அவர் அனுப்பும் பணத்தில் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் நாலு தெருவில் விசாரித்தாலே ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். அப்புறம் அவராக வர நினைத்தாலும் வர முடியாது.

அழைத்து வருவது பற்றி. உங்கள் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் உங்களிடம் கேட்டது திருவிழாவைப் பற்றி. "என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்று கேட்கவில்லை. வயது வந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை, அவரைக் கேட்காமல் நாம் முடிவு செய்ய முடியாது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் இதை ஒட்டித்தான் உத்தரவிட்டது: சுயவிருப்பத்தில் பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களைச் சோதனையின்போது கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது, அவர்கள் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. காமாத்திபுரா போலவே கொல்கத்தாவில் உள்ள சோனாகாச்சியில் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா எய்ட்ஸ் தடுப்பு வேலையைத் தொடங்கியபோது, அந்தப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார். பிறகு அவர்களே சங்கம் வைத்தார்கள், தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு சங்கமும் நடத்தினார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்டதால் நடந்த மாற்றம் அது.

நீங்கள் பார்த்தது ஒரு சிறுமியாக இருந்தாலோ, "என்னை அடைத்து வைத்திருக்கிறார்கள்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலோ என் பதில் வேறு. அந்த நிமிடமே 112-க்கோ, குழந்தை என்றால் 1098-க்கோ கூப்பிடச் சொல்லியிருப்பேன்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். அந்தச் சந்தில் எத்தனையோ பெண்களைக் கடந்து போயிருப்பீர்கள். அவர்களில் ஒருவர் முகமும் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. இவர் தமிழில் பேசினார், நம் ஊர் அம்மனைக் கேட்டார். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் ஒரு மனுஷி எதிரே வந்து நின்றுவிட்டார். உங்களைப் படுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பேட்டைக்குப் பெயர் வந்ததே தெலுங்கு நாட்டிலிருந்து கட்டட வேலைக்குப் போன காமாத்தித் தொழிலாளர்களால்தான். இன்று அங்கிருக்கும் பெண்களும் கர்நாடகம், ஆந்திரம், வங்காளம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் உண்டு, அங்கே ஒரு திருவிழாவும் உண்டு.

இந்தக் கனம் ஒரு நோயல்ல. சிரிக்காமல் கேட்கக்கூடிய ஒருவரிடம், அந்தப் பெண்ணை அடையாளம் காட்டும் எதையும் சொல்லாமல், மனசில் இருப்பதைப் பேசுங்கள். சாப்பாடும் வேலையும் கெடுகிற அளவுக்குப் போனால் 14416-க்குக் கூப்பிடலாம், டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். சேமிப்பை அப்படியே வைத்திருங்கள். அடுத்த முறை மும்பையில் அந்த அண்ணன் "சும்மா பார்த்துட்டு வரலாம்" என்றால், "நான் வரலண்ணே" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், எனக்கு எழுதியதை அவரிடமும் ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.