உங்கள் தம்பி சொல்லும் சீட்டும் மகள் கேட்கும் படிப்பும்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகள், கம்ப்யூட்டரும் தகவல் பாதுகாப்பும் சார்ந்த சட்டம் படிக்கிறேன் என்றால் வீட்டில் கலக்கம் வருவது இயல்பு. ஆனால் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ சீட் வாங்க நகையை அடகு வைக்கச் சொல்லும் உங்கள் தம்பியின் யோசனை தவறு. கம்ப்யூட்டர் பிடிக்கும், நாள் முழுக்க கோடிங் வேண்டாம் என்று அவள் தெளிவாகச் சொல்கிறாள். அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

முகத்தை ஸ்கேன் செய்ததற்கு ஃபேஸ்புக் ஏன் பணம் கொடுத்தது என்று கேட்கிறாளாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008இல் வந்த சட்டப்படி, எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் முக அளவுகளை எடுக்கக் கூடாது. ஃபேஸ்புக் அப்படி எடுத்தது என்று பயனர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 65 கோடி டாலர் சமரசத்தை 2021இல் நீதிமன்றம் ஏற்றது.

நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவர் கையில் வராது. கூட்டு வழக்கையே நம்பி இங்கே பிழைக்க முடியாது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். வேலை கம்பெனிகளுக்குள் இருக்கிறது: எந்தத் தகவல் எங்கே சேர்கிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிப்பது என்று பட்டியலிட வேண்டும். 2025 விதிகளின்படி, தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு முழு விவரம் போக வேண்டும். சம்மத அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். அதைப் புரியும்படி எழுத சட்டமும் தமிழும் கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள் வேண்டும்.

இதற்கென்றே அமைந்தது போன்ற படிப்பு சென்னை பெருங்குடி சீர்மிகு சட்டப் பள்ளியின் ஐந்தாண்டு பிசிஏ எல்எல்பி ஹானர்ஸ், அதாவது கம்ப்யூட்டரும் சட்டமும் சேர்ந்த பட்டம். பலர் கண்ணில் படுவதே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கை, கிளாட் என்ற தேசிய சட்ட நுழைவுத் தேர்வு தேவையில்லை. அரசுச் சட்டப் பல்கலைக்கழகத்தின் பள்ளி என்பதால் நகை பீரோவிலேயே இருக்கட்டும். டேட்டாபேஸ் பாடத்தைத் துணைப்பாடம் என்று ஒதுக்குபவர்கள்தான் பின்னால் திணறுகிறார்கள். தகவல் டேட்டாபேஸின் எந்த அட்டவணையில் கிடக்கிறது என்று தெரியாமல் அழிப்புக் கொள்கை எழுத முடியாது. மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு விடுமுறையிலும் இன்டர்ன்ஷிப் போகட்டும். படிப்பு முடிந்து பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதியும் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் கூடாதென்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முத்திரைத் தீர்வை தவிர அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். தனியுரிமைத் துறைச் சான்றிதழுக்கான சிஐபிபி என்ற சர்வதேசத் தேர்வுக்கு 500 டாலருக்கு மேல் ஆகும். கடைசி ஆண்டுக்கு முன் அதில் காசு போடாதீர்கள்.

இந்த வாரம் அவள் போனில் உள்ள ஒரு செயலியின் தனியுரிமைக் கொள்கையைப் படித்து, என்னென்ன தகவல் எடுக்கிறது, எதற்கு என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதட்டும். அதைத் தம்பியிடம் படிக்கக் கொடுங்கள்.