ஐந்தாவது ஆள் எங்கே இருப்பது?

வாசகர் கேள்வி – பதில்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி சிங்கப்பூர் தீம் பார்க் பற்றியும் மீதி ஹன்வெல்லப் பூங்கா பற்றியும்தான் இருக்கும். இந்த முறை வந்த பலதிலும் பிரச்சினை ஒன்றே: ரைட்களில், அதாவது பூங்காவில் ஏறிச் சுற்றுகிற விளையாட்டுகளில், கதிரைகள் இரண்டிரண்டாக, நான்கு நான்காக இருக்கின்றன, போகிற ஆட்களோ மூன்று, ஐந்து, அல்லது ஒரே ஆள். அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நானும் கணவரும் மூன்று பிள்ளைகளும் சிங்கப்பூர் போகிறோம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போயே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடி. மூத்தவனுக்கு 13, மகளுக்கு 10, கடைக்குட்டிக்கு 6. எந்த ரைட்டிலும் ஐந்து பேரை ஒன்றாக இருத்த மாட்டார்கள் என்று மச்சாள் சொன்னதிலிருந்து, யார் தனிய இருப்பது என்று வீட்டில் இப்போதே சண்டை. என்ன செய்யலாம்?
— ஐந்து பேர் வீட்டு அம்மா, வெள்ளவத்தை

பதில்: பெரிய ரைட்கள் பலவற்றில் மச்சாள் சொன்னது சரிதான். அங்கே டிரான்ஸ்ஃபோமர்ஸ் ரைட்டில் ஒரு வண்டிக்கு 12 பேர், வரிசைக்கு நான்கு கதிரை வீதம் மூன்று வரிசை. ஐந்து பேர் போனால் நான்கும் ஒன்றுமாகப் பிரியலாம், மூன்றும் இரண்டுமாகவும் பிரியலாம். ஏறும் இடத்தில் நிற்கிற பணியாளர் "எத்தனை பேர்?" என்று கேட்டு, பதில் வந்த கையோடு தரையில் எழுதியிருக்கிற வரிசை எண்ணை விரலால் காட்டிவிட்டு அடுத்த குடும்பத்திடம் போய்விடுவார். யோசிக்க அவருக்கும் நேரமில்லை, உங்களுக்கும் இல்லை. நீங்கள் "ஐந்து" என்று மட்டும் சொன்னால் முன்னால் நிற்கிற நான்கு பேரை ஒரு வரிசைக்கு அனுப்பிவிட்டு, கடைசியாக நிற்கிற பிள்ளையை வேறு வரிசைக்குக் காட்டக்கூடும், அந்தப் பிள்ளை திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் "ஐந்து பேர், மூன்றும் இரண்டுமாக" என்று கேட்கும்போதே சொல்லுங்கள், விரலாலும் காட்டுங்கள். பெரும்பாலும் அப்படியே விடுவார்கள், ஏனென்றால் மிஞ்சுகிற கதிரைகளை நிரப்ப அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது (அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்).

இரண்டிரண்டு கதிரை உள்ள ரைட்களில் தப்ப வழியில்லை, ஒருவர் தனியத்தான் இருக்க வேண்டும். அது நீங்களாகவோ கணவராகவோ மூத்தவனாகவோ இருக்கட்டும், மூவரும் மாறி மாறி. மகளாக இருக்க வேண்டாம் என்று குறிப்பாகச் சொல்கிறேன். நடுவில் பிறந்த பிள்ளை அடம்பிடிக்காது என்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொரு தடவையும் அதையே தள்ளி இருத்துகிற வீடுகள் நிறைய. அந்தப் பிள்ளை அன்றைக்கு ஒன்றும் சொல்லாது, ஆனால் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கும். அவளே ஆசைப்பட்டுத் தனிய இருக்கிறேன் என்றால் அது வேறு கதை, தாராளமாக விடுங்கள், முன்வரிசையோ பின்வரிசையோ உங்களை ஒட்டித் தரும்படி மட்டும் கேளுங்கள்.

கடைக்குட்டியின் உயரத்தை இன்றைக்கே சப்பாத்தைக் கழற்றிவிட்டு அளந்துபாருங்கள். இப்படியான இடங்களில் அடிக்கடி காண்கிற எண்கள் 102 சென்றிமீற்றரும் 122 சென்றிமீற்றரும். முதலாவதுக்குக் குறைந்தால் ஏற்ற மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் என்றால் பெரியவர் ஒருவர் கூடவே வரவேண்டும். பெரிய ரோலர் கோஸ்டர்களுக்கு 122க்கு மேலேயும் கேட்பார்கள். ஒவ்வொரு ரைட்டின் வாசலிலும் அளவுப் பலகை இருக்கும், அதைப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளை பெரும்பாலும் இந்த நடு அளவில்தான் நிற்கும், ஆகவே உங்கள் இருவரில் ஒருவர் எப்போதும் அவருக்குச் சோடி என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், சண்டையில் பாதி அதோடு தீர்ந்துவிடும்.

சின்னவர் ஏற முடியாத ரைட் வந்தால்? பெரிய பூங்காக்களில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. முதலில் அப்பாவும் மகளும் போய்வர, அம்மா சின்னவரோடு நிற்பா, பிறகு அம்மாவும் மூத்தவனும் போவார்கள், இரண்டாவது தடவை முழு வரிசையும் நிற்கத் தேவையில்லை. ஏறப்போவது நான்கு பேர், இரண்டு சோடி, தனியாள் என்ற பேச்சே இல்லை. வரிசையில் நுழையும்போதே வாசலில் நிற்பவரிடம் கேட்க வேண்டும். உள்ளே போய்க் கேட்டால் பிந்திவிடும்.

கேள்வி: போன வருடம் வெளிநாட்டில் ஒரு தீம் பார்க்கில் நானும் இரண்டு மகன்களும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது பக்கத்து வாசலால் ஒருவன் வந்து பத்து நிமிடத்தில் ஏறிவிட்டான். தனியாட்களுக்குத் தனி வரிசையாம். குடும்பத்தோடு வந்தவர்கள் என்ன பாவம் செய்தோம்?
— அப்பா, வத்தளை

பதில்: கோபம் நியாயம், ஆனால் அந்த ஆள் உங்கள் இடத்தைப் பிடிக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். 24 கதிரை உள்ள ரோலர் கோஸ்டர் ரெயிலில் இரண்டிரண்டாக 12 வரிசை. வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் போல மூன்று மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு வரிசை போகும், அதில் ஒரு கதிரை காலி. ஆறு குடும்பம் ஏறினால் ரெயில் நிறைந்தது, உள்ளே இருப்பது 18 பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரெயில் விட்டால் மணித்தியாலத்துக்கு 30 ரெயில், 180 கதிரை சும்மா சுற்றி வருகிறது. அந்தக் கதிரையில்தான் அவன் ஏறினான். உங்கள் மகனுக்குப் பக்கத்தில், உங்களால் எப்படியும் பயன்படுத்த முடியாத கதிரையில். தனி வரிசை இல்லாவிட்டால் அவனைப் போன்ற தனியாட்கள் பலர் உங்கள் வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றிருப்பார்கள், உங்கள் நேரம் இன்னும் நீண்டிருக்கும்.

பொது வரிசையைப் பார்த்து "தனியாள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கூப்பிட்டு எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். சில இடங்களில் அப்படியும் செய்கிறார்கள். ஆனால் ஆள் தேடுகிற அரை நிமிடம் ரெயில் மேடையில் நின்றால், பின்னால் வருகிற ரெயில் மேடைக்குள் வர முடியாமல் வெளியே பிறேக்கில் நிற்கும், அதற்குப் பிறகு வருவதும் அப்படியே. கைக்கெட்டிய தூரத்தில் தனியாட்கள் தயாராக நின்றால் அந்தத் தாமதம் இல்லை. புளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் எக்ஸ்பிடிஷன் எவரெஸ்ட் என்று ஒரு கோஸ்டர், ஒரு ரெயிலில் 34 பேர், 17 வரிசை. ஒற்றைக் கதிரை எப்படியும் மிஞ்சும் என்று தெரிந்தே அங்கே தனியாள் வரிசை வைத்தார்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் உயரமும் வயதும் தாண்டியவர்கள் என்றால் நீங்கள் மூவருமே அந்த வரிசையில் நிற்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வேறு வேறு ரெயிலில் ஏறி இறங்கும் இடத்தில் சந்திக்க வேண்டியதுதான். ஆனால் வாசலில் வந்து நின்றுகொண்டு "நாங்கள் ஒரு குடும்பம், சேர்த்து விடுங்கோ" என்று கேட்கக் கூடாது. அது பொது வரிசையில் காத்து நிற்கிறவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

கேள்வி: எனக்கு 27 வயது. அலுவலக வேலையாக வெளிநாடு போகும்போது ஒரு நாள் மிஞ்சுகிறது, தீம் பார்க் போக ஆசை. "தனியவா? பைத்தியமா?" என்று கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். பக்கத்தில் யாரோ முன்பின் தெரியாத ஆள் வந்து இருப்பார் என்ற பயமும் இருக்கிறது.
— பம்பலப்பிட்டி

பதில்: போய்வாருங்கள் தங்கச்சி. சிரிக்கிறவர்கள் யாராவது உங்களோடு வரப்போகிறார்களா? நீங்கள் விரும்புகிற ஒன்றைச் செய்ய இன்னொருவருக்கு லீவு கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தனியாள் வரிசையில் நின்றால் ஒரே நாளில் குடும்பக்காரர்களைவிட இரண்டு மடங்கு ரைட்கூட ஏறலாம். சிங்கப்பூரில் டிரான்ஸ்ஃபோமர்ஸ், மம்மி போன்ற பெரிய ரைட்களுக்கு இந்த வரிசை உண்டு. எப்போதும் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம், கூட்டம் குறைந்தாலும் மூடுவார்கள், அந்த வரிசையே நீண்டுபோனாலும் மூடுவார்கள்.

பக்கத்து ஆளைப் பற்றி: புதிய கோஸ்டர்கள் பலவற்றில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிடிகம்பி, கதிரைக்குக் கதிரை தடுப்பும் இருக்கும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் "அடுத்ததில் போகிறேன்" என்று பணியாளரிடம் சொல்லுங்கள். பின்னால் நிற்கிறவரை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இழப்பும் சிலது உண்டு, தெரிந்துகொண்டு போங்கள். தனியாள் வரிசை குறுக்கு வழியால் போகும், மேலே சொன்ன எவரெஸ்ட் கோஸ்டரில் பொது வரிசைக்காரர்கள் பார்த்துக்கொண்டு போகிற பனிமனிதன் (யெட்டி) அருங்காட்சியகம் உங்களுக்குக் கிடைக்காது. கதிரையையும் நீங்கள் தெரிவு செய்ய முடியாது. 2019இல் கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் டிஸ்னி பூங்காக்களில் திறந்த, ஸ்டார் வார்ஸ் படத்து விண்கப்பலை வைத்துச் செய்த மில்லேனியம் ஃபால்கன் ரைட்டில் ஆறு பேர் ஏறுவார்கள், இரண்டு விமானி, இரண்டு துப்பாக்கிக்காரர், இரண்டு பொறியியலாளர். தனியாளாகப் போனால் பெரும்பாலும் கிடைப்பது பின்னால் உள்ள பொறியியலாளர் கதிரைதான். விமானியாக இருக்கத்தான் ஆசை என்றால் அதற்கு மட்டும் பொது வரிசையில் நில்லுங்கள். தண்ணீர்ப் பூங்காக்களில் ரப்பர் படகில் சறுக்குகிற சிலவற்றுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், பாரம் போதாவிட்டால் படகு சரியாக ஓடாது. மேலே நின்று இன்னொரு தனியாளோடு சேர்ந்துகொள்ளலாம். பையைப் பிடிக்க ஆள் இல்லையே, அதனால் லொக்கருக்குக் காசை ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் 23 பேரை ஹன்வெல்ல லெஷர் வேர்ல்டுக்குக் கூட்டிப் போகிறோம். நான்கு ஆசிரியைகள் போகிறோம். சோடி பிரித்தால் ஒரு பிள்ளை மிஞ்சுகிறதே?
— டீச்சர், கொட்டாஞ்சேனை

பதில்: 24ஆவது ஆள் நீங்கள்தான் டீச்சர். ஒரு ஆசிரியை பிள்ளைகளோடு ஏறினால் 12 சோடி, கணக்கு முடிந்தது. மற்ற மூவரில் ஒருவர் ஏறும் இடத்தில், ஒருவர் இறங்கும் இடத்தில், ஒருவர் பைகளோடு. ஒரு பிள்ளை பயந்து ஏறமாட்டேன் என்றால் உடனே ஆசிரியை இறங்கிவிட வேண்டும், அந்தப் பிள்ளையோடு போய் நிற்க வேண்டும், திரும்பவும் 22 பேர், 11 சோடி.

ஆனால் உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது வேறு. "உங்கட உங்கட சோடியைப் பிடியுங்கோ" என்று பிள்ளைகளிடம் விடாதீர்கள். எல்லோரும் ஓடி ஓடிக் கையைப் பிடித்த பிறகு ஒரு பிள்ளை மட்டும் நடுவில் நிற்கும், எந்தப் பிள்ளை என்று உங்களுக்கு இப்போதே தெரியும். பெயர்களை முதல் நாளே எழுதிக்கொண்டு போங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சோடிகளை மாற்றுங்கள். ஆசிரியையோடு இருக்கிற முறை எல்லோருக்கும் சுற்றி வரட்டும், வகுப்பில் நன்றாகப் பேசுகிற, எல்லோரும் விரும்புகிற பிள்ளையிலிருந்து அதைத் தொடங்குங்கள், அப்போது அது தண்டனை மாதிரித் தெரியாது.

சோடி சேர்க்கும்போது உடம்பையும் பாருங்கள். பழைய ரைட்களில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிடிகம்பி. அது பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும், பக்கத்தில் இருக்கிற மெலிந்த பிள்ளைக்கு மேலே வெறும் இடைவெளி. ஏறத்தாழ ஒரே அளவான பிள்ளைகளைச் சேர்த்து இருத்துங்கள். கம்பி இறங்கிய பிறகு சின்னப் பிள்ளையின் பக்கம் உங்கள் கையை விட்டுப் பாருங்கள், தாராளமாக இடம் இருந்தால் அந்த ரைட் வேண்டாம்.

கேள்வி: சுற்றுகிற ரைட்டில் மனைவியும் நானும் எந்தப் பக்கம் இருப்பது? போன முறை இறங்கும்போது இடுப்பு நோ என்று அவ பேசியது இன்னும் முடியவில்லை.
— தெஹிவளை

பதில்: பாரமான ஆள் வெளிப்பக்கம். சுற்றும்போது உடம்பு வெளியே தள்ளப்படும், உள்ளே இருக்கிறவர் வெளியே இருக்கிறவர் மேல் சாய்வார். நீங்கள் பாரம் என்றால் வெளியே நீங்கள். பிள்ளையோடு ஏறினாலும் இதே ஒழுங்குதான். ரைட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் திருவிழாவோடு கார்னிவல் வைக்கிறது. இராட்டினத்துக்கு ஒற்றையாக வருபவர்களை ஏற்றினால் பெட்டி அரைவாசி காலி, தெரியாதவர்களோடு இருத்தினால் சனம் சண்டைக்கு வருகிறது. இதில் இராட்டினக்காரர் வேறு ஆட்களை அங்கே இங்கே மாற்றி இருத்துகிறார், ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறார்.
— செயலாளர், முகத்துவாரம்

பதில்: இராட்டினக்காரர் மாற்றி இருத்துவது சரியான வேலை, அதில் கை வைக்காதீர்கள். ஒரு பக்கத்துப் பெட்டிகள் மட்டும் நிறைந்தால் சக்கரம் அந்தப் பக்கம் இழுக்கும், மேலே ஏற்றும்போது மோட்டருக்குப் பாரம், இறங்கும்போது தள்ளும். அதனால்தான் ஒரு பெட்டியை நிரப்பியதும் எதிர்ப்பக்கத்துப் பெட்டியைக் கீழே கொண்டுவந்து நிரப்புகிறார். இதை ஒரு மட்டையில் எழுதி டிக்கட் கொடுக்கும் இடத்தில் தொங்கவிட்டால் பாதிப் பேர் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஒற்றையாட்களுக்கு ஒரு கயிறு கட்டித் தனி வரிசை விடுங்கள், பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. மூன்று மொழியிலும் பலகை போடுங்கள்: இந்த வரிசையில் கெதியாக ஏறலாம், பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். வாசிக்காமல் வருகிறவர்களுக்கு டிக்கட் கொடுக்கும் பெடியன் வாயால் சொல்லட்டும். யாரோடும் இருக்க விருப்பமில்லாதவர் பொது வரிசையில் நின்று தனியப் பெட்டி எடுக்கலாம், ஆனால் கூட்டம் கூடிய இரவு ஏழு மணி தொடக்கம் ஒன்பது மணி வரை அதற்கு இடமில்லை என்று முதலே எழுதிவிடுங்கள். தனிய வருகிற சின்னப் பிள்ளைகளைத் தெரியாத பெரியவர்களோடு இருத்தவே வேண்டாம். வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அல்லது மன்றத்து அக்காமார் ஒருவரை அந்த வேலைக்கென்றே நிறுத்துங்கள்.