சங்கத்துக்குப் போனதால் ராஜினாமா எழுதி வாங்கினார்கள்: கிராஜுவிட்டி கிடைக்குமா?

கேள்வி: சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் 7 வருடம் 8 மாதம் உதவிப் பேராசிரியராக இருந்தேன். ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போன நான்கு பேரிடமும் 2025 மே மாதம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். 'ஆசிரியர் தொழிலாளி இல்லை, நீங்களாகத்தான் விலகினீர்கள், கிராஜுவிட்டி கிடையாது' என்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களையும் தரவில்லை.

பதில்: சகோதரி, அவர்கள் சொன்னதில் பாதிதான் உண்மை. தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' இல்லை என்று சுந்தராம்பாள் வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் தொழிலாளர் நீதிமன்றம் போக வழியில்லை. என் பார்வையில் அது ஆசிரியர்களுக்குப் பெரிய இழப்பு.

ஆனால் கிராஜுவிட்டி வேறு கதை. அதிலும் ஆசிரியர்கள் வரமாட்டார்கள் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்றது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போய் 2022 ஆகஸ்டில் தோற்றன. நீங்கள் விலகியது புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த 2025 நவம்பருக்கு முன்பு. ஆகவே உங்களுக்கு 1972ஆம் ஆண்டு கிராஜுவிட்டி சட்டம்தான். ஐந்து வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் பணம் உண்டு. கடிதத்தின் கடைசி வரியில் 'எனக்கு எந்த நிலுவையும் இல்லை' என்று டைப் செய்து கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அந்த வரி இந்த உரிமையைப் பறிக்காது.

கணக்கு இதுதான். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய் என்று வையுங்கள். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000. ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடம், அதனால் உங்களுக்கு 8 வருடம்: 1,20,000 ரூபாய். தாமதத்துக்கு 10 சதவீதத் தனிவட்டியும் கேளுங்கள்.

முதலில் கிராஜுவிட்டி கேட்கும் 'படிவம் ஐ'யை (Form I) நிர்வாகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கெடு தாண்டிவிட்டதே என்று தயங்க வேண்டாம். நீங்கள் கேட்காவிட்டாலும் கணக்குப் பார்த்துத் தர வேண்டியது அவர்கள் கடமை. மறுத்தால் 'படிவம் என்'னோடு (Form N) தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போங்கள். தாமதத்துக்கான காரணத்தையும் எழுதுங்கள்.

சான்றிதழ் உங்கள் சொத்து, அடமானப் பொருள் இல்லை. அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அப்புறமும் தராவிட்டால் போலீசில் புகார் கொடுங்கள்.

சங்கம் சேரும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19(1)(சி) தருகிறது. ஆனால் அது முக்கியமாக அரசைக் கட்டுப்படுத்துவது. தனியார் கல்லூரி விவகாரத்தில் ரிட் மனு எளிதில் நிற்காது. மிரட்டி எழுதி வாங்கியதை உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள். மற்ற மூவரிடமும் இன்றே பேசுங்கள், படிவத்தை நால்வரும் ஒரே நாளில் அனுப்புங்கள்.