அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு: மாவுக்கட்டு போதுமா, பிளேட் வைக்கணுமா, புத்தூர் கட்டா?

66 வயது அம்மா பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்துவிட்டார், ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்து உலோக பிளேட் வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் மாவுக்கட்டு போதும் என்கிறார், சித்தப்பா நாட்டுவைத்தியக் கட்டு போட புத்தூர் போக வண்டி பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் முன்னால் எங்கள் வீட்டிலும் இதே கதைதான், சித்தப்பாவுக்குப் பதில் பெரிய மாமா. நான் டாக்டர் இல்லை. பட்டதையும், பட்ட பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் வளையல், மோதிரம் எல்லாவற்றையும் இப்போதே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு சோப்பு போட்டும் வராமல் எங்கள் அம்மாவின் வளையலை வெட்டித்தான் எடுத்தோம், அந்த வருத்தம் கை உடைந்ததைவிட அதிக நாள் இருந்தது.

முன்கையில் இருக்கும் இரண்டு எலும்பில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடைந்து பின்பக்கமாகச் சாய்ந்துகொள்வதுதான் இந்த வயதில் வழக்கமான முறிவு. டப்ளினில் இருந்த ஆபிரகாம் காலிஸ் என்ற அறுவை மருத்துவர் 1814இலேயே, எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முன்பே, இதை விவரித்து எழுதிவிட்டார். கோணல் கடைசிவரை இருந்தாலும் வலி போய் கை நன்றாக வேலை செய்யும் என்பது அப்போதே அவர் சொன்னது. ஓரளவுக்கு இன்றைக்கும் அதுதான். 65 வயது தாண்டியவர்களில் பிளேட் வைத்தவர்களையும் மாவுக்கட்டோடு விட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், எக்ஸ்ரேயில் பிளேட் வைத்த கைதான் நேராக இருந்தது, ஆனால் ஒரு வருடம் கழித்து வலியிலும் அன்றாட வேலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் மாவுக்கட்டு என்று சொன்ன டாக்டரை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். முறிவு மூட்டுக்குள் போய் உள்பரப்பு மேடுபள்ளமாகிவிட்டது, எலும்பு தோலைக் கிழித்துவிட்டது, நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகிறது, இழுத்து நேராக்கியும் நிற்கவில்லை என்றால் கதை வேறு, அப்போது ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. நேராக்கிக் கட்டிய எலும்பு உள்ளேயே மறுபடி சரியும் என்பதால் முதல் இரண்டு வாரமும் வாரம் ஒரு எக்ஸ்ரே பார்க்கச் சொல்வார்கள், செலவு என்று அதை விட்டுவிடாதீர்கள்.

புத்தூர் கட்டை நான் கேலி செய்ய மாட்டேன். எலும்பு தானாகக் கூடும், மூங்கில் பத்தை வைத்தாலும் கூடும். எப்படிக் கூடுகிறது, கட்டு எவ்வளவு இறுக்கம் என்பதுதான் பயம். கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே தசை செத்து விரல்கள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும். விரல் நீலமானாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது வலி உயிர் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

சரி, நாங்கள் கோட்டை விட்ட இடத்துக்கு வருகிறேன். கட்டு போட்ட இடத்தில் "கையை ஆட்டாம வெச்சுக்கோங்கம்மா" என்று ஒரு வரி சொல்லி அனுப்பினார்கள். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஆறு வாரமும் கையைத் தூளியில் தொங்கவிட்டு, விரலைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார், நாங்களும் எவ்வளவு பொறுமை என்று பாராட்டிக்கொண்டிருந்தோம். கட்டு பிரித்த அன்று எலும்பு அருமையாகக் கூடியிருந்தது. ஆனால் விரல் மடங்கவில்லை, சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை, தோள்பட்டை வேறு இறுகிப்போய் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. ஒரு எலும்பு உடைந்ததற்கு ஆறு வாரம், அதனால் இறுகிய மூட்டுகளுக்கு நாலு மாதம் பிசியோதெரபி.

ஆட்டக்கூடாதது மணிக்கட்டை மட்டும்தான். டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் விரல், முழங்கை, தோள் மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்கணும். விரலை முழுசாக நீட்டி முழுசாக மடக்குவது, கட்டைவிரலால் மற்ற நாலு நுனியையும் தொடுவது, கையை மேலே தூக்கி இறக்குவது. மணிக்கொரு தரம் பத்து தடவை. வலிக்கும், திட்டுவார், பரவாயில்லை. முதல் வாரம் தலையணை வைத்து கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியே வையுங்கள், வீக்கம் வடிந்தால்தான் விரல் மடங்கும்.

அம்மா இப்போது சப்பாத்தி மாவு பிசைகிறார். ஈரத்துணி பிழிவதுதான் கடைசியாக வந்தது, பத்து மாதம் ஆனது. மணிக்கட்டில் லேசாக ஒரு கோணல் இருக்கிறது, நாங்கள் சொன்னால்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், கட்டு பிரித்ததும் எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நின்ற இடத்தில் வழுக்கி விழுந்ததற்கே எலும்பு உடைகிறது என்றால் அது மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம், அடுத்த தடவை உடைவது இடுப்பாக இருக்கலாம். பாத்ரூமில் ஒரு கைப்பிடியும் மாட்டிவிடுங்கள். முறிவு மூட்டுக்குள் போயிருக்கிறதா என்று மட்டும் அந்த இரண்டு டாக்டரிடமும் கேட்டுவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.