ரப்பர் செருப்பும் ரிப்பேர் செலவும்

கேள்வி: வாடகை வீட்டில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறோம். நான்கு மாதங்களாக மின்சாரத் தொல்லை. முதலில் மெயின் போர்டில் இருக்கும் டிரிப்பர் அடிக்கடி விழுந்தது. வீட்டுக்காரர் அனுப்பிய எலெக்ட்ரீஷியன் ஏதோ மாற்றிப் போட்டார். அதன் பிறகு விழுவதில்லை. ஆனால் குளியலறையில் ஹீட்டரைப் போட்டால் குழாயில் லேசாக ஷாக் அடிக்கிறது. நானும் மனைவியும் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு மட்டும் வெந்நீர் வேண்டும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளித்துவிடுவார், பழகிவிட்டது. ஹீட்டர் நாங்கள் வாங்கி மாட்டியது என்பதால் செலவும் எங்களுடையது என்கிறார் வீட்டுக்காரர். வயரிங் பழையது, அவர்தான் தர வேண்டும் என்கிறேன் நான். யார் பக்கம் நியாயம்?

பதில்: செலவுக்குப் பிறகு வருகிறேன். ‘பழகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்கு, எது பழகிவிட்டது? அம்மாவுக்கு ஷாக் பழகிவிட்டதா? அம்மா செருப்போடு குளியலறைக்குள் போவதைப் பார்ப்பது உங்களுக்குப் பழகிவிட்டதா?

ஆபத்து உங்களுக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புரிந்ததால்தான் நீங்களும் மனைவியும் பச்சைத் தண்ணீருக்கு மாறினீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் மாற முடியாதவர். அவருக்கு ஒரு ஜோடி செருப்பைக் கொடுத்துவிட்டு, நான்கு மாதமாக ரசீது யார் பேரில் என்று வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா ஏன் வாய் திறக்கவில்லை என்று யோசித்தீர்களா? ஒரு வாளி வெந்நீருக்காக மகனுக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை மூள வேண்டாம் என்றுதான் இருக்கும். பெற்றவள் சகித்துக்கொள்வதை மகன் தன் கணக்கில் வரவாக எழுதிக்கொள்ளக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அந்தச் செருப்பை நம்பாதீர்கள். நனைந்த செருப்பு பாதத்தையே முழுதாகக் காக்காது. சோப்பு நுரையில் கால் வழுக்கி, ஒரு கை குழாயிலும் மறு கை ஈரச் சுவரிலும் பட்டால், மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். நடுவில் இருப்பது நெஞ்சு. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த விரல்கள் இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விடாது. ‘லேசாக’ என்றீர்களே, அது இன்றைய அளவு.

இன்னொன்று. டிரிப்பர் விழுந்ததைத் தொல்லை என்கிறீர்கள். அது ஆர்சிசிபியாக இருந்தால், வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் ஒத்துப்போகிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கருவி அது. வீடுகளில் வழக்கமாகப் பொருத்தும் வகை, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வந்தவர் கசிவைத் தேடாமல் அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டார் என்றே சந்தேகப்படுகிறேன். போர்டைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே பாருங்கள். அந்தக் கருவியின் முகப்பில் ‘டி’ (T) என்று போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் படக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, அப்படி ஒரு கருவியே இல்லை என்றாலோ, உங்கள் வீட்டுக்குக் காவல் இல்லை.

இப்போது பணம். நீங்கள் இருவரும் ஆளுக்குப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுடவைக்கும் உலோகக் குழாய் அரித்து, உள்ளே அடைத்திருக்கும் பொடியில் ஈரம் ஏறினால் மின்சாரம் கசியும். கசிவது அங்கே என்றால் ஹீட்டர் செலவு உங்களுடையது, முணுமுணுக்காமல் கொடுங்கள். ஆனால் எர்த் கம்பி ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போயிருக்கும், குழாய்க்கு வந்து அம்மாவின் கையைத் தேடியிருக்காது. சுவருக்குள் ஓடும் எர்த்தும் மெயின் போர்டும் வீட்டுக்காரருடையவை. டிரிப்பரில் கை வைத்தவரும் அவர் அனுப்பிய ஆள்தான். வாடகை வாங்குகிறவர் வெறும் நான்கு சுவரை மட்டும் வாடகைக்கு விடவில்லை.

எந்தப் பக்கம் கசிகிறது என்பதை நீங்கள் இருவரும் கத்தித் தீர்மானிக்க முடியாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழையுங்கள். பழைய ஆள் வேண்டாம். ஹீட்டரைத் தனியாகவும் வயரிங்கைத் தனியாகவும் மெக்கர் என்ற காப்புச் சோதனைக் கருவியை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டு வயரிங்கை வழக்கமாக 500 வோல்ட்டில் சோதிப்பார்கள். மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பு எத்தனை மெகா ஓம் என்று கருவியே காட்டும். எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்டதைக் கையெழுத்தோடு தாளில் வாங்குங்கள். சோதனைக் கூலியை முதலில் நீங்களே கொடுங்கள், அதற்கும் ஒரு மாதம் பேரம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு பற்றி என்ன இருக்கிறது என்றும் படியுங்கள். கையெழுத்துப் போட்ட நாளோடு அதை மூடி வைத்திருப்பீர்கள். எழுத்தில் சம்மதம் இல்லாமல் வாடகையில் கழித்துக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அது பேச்சைத் திசைதிருப்பிவிடும்.

இதெல்லாம் நாளைக்கு. இன்று, இந்தப் பக்கத்தை மூடி வைத்ததும், உலர்ந்த கையோடு போய் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஷாக் நின்றுவிட்டதா என்று குழாயைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஆள் வந்து சோதிக்கும்வரை அந்தக் குளியலறைக் குழாயை யாரும் திறக்க வேண்டாம். அம்மாவுக்கு அடுப்பில் வெந்நீர் போட்டு, வாளியை நீங்கள் தூக்கிச் சென்று வையுங்கள்.

அப்புறம் வீட்டுக்காரருக்குக் கடிதம். எனக்கு எழுதியதில் அம்மா நடுவில் எங்கோ வந்து போனார். அவருக்கு எழுதுவதில் முதல் வரியில் வரட்டும். தேதி போட மறக்காதீர்கள்.